இரண்டு உரிமங்களுக்கு நடுவே ஒரு டிரைவர்

விண்டோஸ் ஓடும் கணினிக்குள் லினக்ஸைத் தனிக் கணினிபோல ஓடவைப்பது மெய்நிகர் கணினி. அந்த லினக்ஸுக்கென்று நிஜமான நெட்வொர்க் கார்டோ ஹார்ட் டிஸ்க்கோ கிடையாது; அவை இருப்பதுபோலக் காட்டுவது வெளியே ஓடும் மென்பொருள்தான். அதனுடன் வேகமாகப் பேச லினக்ஸுக்குள் தனி டிரைவர் தேவைப்படுகிறது. வெளியே உள்ள மென்பொருள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சொத்து. உள்ளே உள்ள லினக்ஸ் கெர்னலோ ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவது. அதன் நிரலைச் சேர்த்து உருவாக்கியதைப் பிறருக்கு வழங்குபவர், மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். கெர்னலோடு பிணைந்து ஓடும் டிரைவர் இதற்குள் அடங்குமா என்பதில்தான் வழக்கே.

2009 ஜூலை 20 அன்று மைக்ரோசாஃப்ட், தன் மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வியின் டிரைவர்களில் ஏறக்குறைய 20,000 வரி நிரலை ஜிபிஎல் உரிமத்தில் லினக்ஸுக்கு அளித்தது. லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-இல் சாடிய ஸ்டீவ் பால்மர்தான் அப்போதும் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி! பின்னணி சில நாள்களிலேயே தெரிந்தது. அந்த நெட்வொர்க் டிரைவரில் ஜிபிஎல் நிரலும் மூடிய நிரலும் கலந்திருப்பதை வியாட்டா நிறுவனப் பொறியாளர் ஸ்டீஃபன் ஹெமிங்கர் கண்டு, கெர்னல் நிரலாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வழியாக விஷயத்தை மைக்ரோசாஃப்டுக்குக் கொண்டுபோயிருந்தார். உரிமக் கட்டாயத்தால் தரவில்லை என்றது மைக்ரோசாஃப்ட். காரணம் எதுவாயினும் நிரல் லினக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

மெய்நிகர் கணினி மென்பொருள் தயாரிக்கும் வி.எம்.வேர் நிறுவனத்தின் விவகாரமோ நீதிமன்றம்வரை போனது. தாம் எழுதிய லினக்ஸ் நிரலை அந்நிறுவனம் தன் மூடிய மென்பொருளோடு இணைத்துவிட்டதாகக் கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வழக்குத் தொடுத்தார். 2016-இல் வழக்கும் 2019-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயின. எந்த வரிகள் அவருடையவை என்பதற்கான சான்று போதாது என்றே தள்ளினார்கள். மையக் கேள்விக்கு விடை வரவில்லை. வென்ற நிறுவனமோ, சர்ச்சைக்குரிய லினக்ஸ் பகுதியை நீக்கிவிடுவதாக அறிவித்தது.

ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய விர்ட்-ஐஓ என்ற ஏற்பாடு இந்தச் சண்டையையே தவிர்த்தது. மெய்நிகர்க் கருவி எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பொது வரையறையாக்கி, அதற்கான தலைப்புக் கோப்புகளைத் தாராளமான பி.எஸ்.டி. உரிமத்தில் தந்துவிட்டால், எந்த இயங்குதளத்துக்காரரும் தம் டிரைவரைத் தாமே எழுதிக்கொள்ளலாம்.

உரிமக் கேள்வி நம் மாணவர்களையும் தொடுகிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்கலாம். இரண்டையும் ஒருசேர ஓட்ட மாணவர்கள் நாடும், ஆரக்கிள் நிறுவனத்தின் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. 2010 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து யு.எஸ்.பி. 2.0 போன்ற வசதிகள் வேறு உரிமம் கொண்ட தனி இணைப்புத் தொகுப்புக்குப் போயின. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் அது இலவசம். புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் மாணவர்கள் அதைப் பாடத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. அதே ஊரில் ஒரு நிறுவனம் தொழிலுக்குப் பயன்படுத்தினால் ஆரக்கிளிடம் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். 2022-இல் வந்த 7.0 பதிப்பில் யு.எஸ்.பி. பகுதி திறமூலத் தொகுப்புக்கு வந்துசேர்ந்தது.