'ரங்கூன் நாற்காலி': வயதைக் கண்டறிவது எப்படி?

பூவேலைப்பாடு கொண்ட சாய்மானப் பலகையுடன் கூடிய பழைய மர நாற்காலிகள் யாங்கூனிலும் விற்கப்படுகின்றன, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் விற்கப்படுகின்றன. இரண்டு இடங்களிலும் விற்பவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பர்மாத் தேக்கு, கைவேலை, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இவற்றில் மூன்றாவது கூற்று, வாங்குபவர் வெளிநாடு வாழ் தமிழராக இருந்தால், சட்டச் சிக்கலாகவும் மாறக்கூடும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறாண்டு கடந்த கைவினைப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்கிறது. விற்பவரின் கூற்று உண்மையானால் நாற்காலி கப்பலேற முடியாது. பொய்யானால் கொடுத்த விலை அதிகம்.

முதலில் வரலாறு. 1852இல் ரங்கூன் பிரிட்டிஷார் வசமான பின்னர், நாட்டுக்கோட்டை நகரத்தார் கீழ் பர்மாவெங்கும் லேவாதேவிக் கடைகளைத் திறந்தனர். அவர்களுக்குச் சுமார் 1,650 கடைகளும், ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதலீடும் இருந்ததாக 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் தளவாடங்களும் அந்தச் செல்வத்தின் வழியே வந்தவை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசியதும், 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். பலர் கால்நடையாகவே வந்தனர். 1962 இராணுவப் புரட்சிக்கும் அதைத் தொடர்ந்த நாட்டுடைமையாக்கலுக்கும் பின் கப்பலேறியவர்களும் உடைமைகளை இழந்தே வந்தனர். ஆகவே தாத்தா 1964இல் கையோடு கொண்டு வந்த நாற்காலி என்று ஒரு கதை சொல்லப்பட்டால், அதைச் சற்று ஐயத்துடன் கேட்பதே நல்லது.

அடுத்து வேலைப்பாடு. உளியால் செதுக்கிய பூவில் இடப்பக்க இதழும் வலப்பக்க இதழும் சிறிதளவேனும் மாறுபடும். பள்ளங்களின் அடியில் உளியின் தடம் இருக்கும். மர இழைகள் வெட்டுப்பட்டிருக்கும். அச்சில் அழுத்திய பூ அப்படியன்று. உலோக அச்சு மரத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. எனவே இழைகள் அறுபடாமல் பள்ளத்துக்குள் வளைந்து இறங்குவதைக் காணலாம். ஒரே தொகுதியில் உள்ள ஆறு நாற்காலிகளிலும் பூ அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இந்த முறை 1890களிலிருந்து 1920கள் வரை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெரிதும் கையாளப்பட்டது. அங்கே பயன்பட்டது ஓக், எல்ம் போன்ற மரங்களே. அழுத்திய பூவைக் காட்டி ரங்கூன் தச்சரின் கைவேலை என்பவர் இரண்டு முறை தவறுகிறார்.

வளைத்த மர நாற்காலிகளின் கதை வேறு. வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி, பகுதிகளாகப் பிரித்துப் பெட்டிகளில் உலகெங்கும் அனுப்பப்பட்டது. 1869இல் காப்புரிமை முடிந்ததும் கோன் முதலான நிறுவனங்கள் போட்டிக்கு வந்தன. இருக்கையின் வளையத்தை உட்புறமாகப் பார்த்தால் முத்திரையோ காகிதச் சீட்டோ எஞ்சியிருக்கலாம். அதில் ஆஸ்திரியா என்றிருந்தால், அநேகமாக 1918க்கு முந்தியது எனலாம். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் நிச்சயமாக அதற்குப் பிந்தியது. பேரரசு சிதைந்தபோது மொராவியாவில் இருந்த தொழிற்சாலைகள் புதிய நாட்டுக்குள் போய்விட்டன. நாற்காலிக்கு அடியிலும் உலக அரசியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முத்திரை இல்லையென்றால் திருகாணிகளைப் பார்க்க வேண்டும். தலையில் சிலுவை வடிவப் பள்ளம் உள்ள திருகாணி 1930களின் நடுப்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. பழுதுபார்க்கையில் ஒன்றிரண்டு மாற்றப்பட்டிருக்கலாம். எல்லாமே அப்படியானால் நாற்காலியே புதிது. பிரம்பு இருக்கையும் ஓரளவு துப்புத் தரும், ஆனால் பிரம்பு பலமுறை மாற்றப்படுவது என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

மிகக் கடினமானது, பழைய மரத்தில் செய்த புதிய நாற்காலி. மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்கு மர உருளைகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பின் பின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. இடித்த வீடுகளின் உத்தரங்களுக்கும் கதவுகளுக்கும் இதனால் மதிப்புக் கூடியது வியப்பல்ல. அத்தகைய நாற்காலியில் மரம் உண்மையிலேயே நூறாண்டுப் பழையது. ஆனால் கால்களின் உட்புறத்தில் அடைக்கப்பட்ட ஆணித்துளைகளும், பயனற்ற இடத்தில் நிற்கும் பழைய பொருத்துத் துளைகளும் தென்படும். கை படும் இடங்களில் தேய்மானம் இராது.

ஏற்றுமதி செய்ய விரும்புவோர், பொருள் தொன்மையானதல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம். அதை வாங்கித் தருமாறு கேட்கும்போது, நூறு ஆண்டு என்று சொன்ன கடைக்காரரே வயதைக் குறைத்துச் சொல்லத் தொடங்குவதும் உண்டு.