ஈயத் தூசி உங்களோடு வீட்டுக்கு வர வேண்டாம்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி நிறுத்துவது ஈயக் குண்டு. செங்கல்பட்டில் ஓடும் வண்டிகளின் பழைய பேட்டரிக்குள் இருப்பதும் அதே ஈயம்தான். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் ஒரு விறகடுப்பும் இரும்புச் சட்டியும் இருந்தாலே குண்டு வார்த்துவிடலாம். உருக்கும்போது எழும் புகையும், கசடை வழிக்கும்போதும் பேட்டரியை உடைக்கும்போதும் பறக்கும் தூசியும்தான் ஆபத்து.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூச்சு வழியாகவும் கழுவாத கை வழியாகவும் ஈயம் உள்ளே போகிறது. ரத்தத்தில் கலந்து, எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது. வயித்து வலி, மலச்சிக்கல், அசதி, மூட்டு வலி, ரத்தசோகை வரலாம். "கேஸ் தொல்லைதான்" என்று மாத்திரை போட்டுவிட்டுப் பலர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக் குழந்தைக்குப் போனால் மூளை வளர்ச்சியே பாதிக்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து கருவுக்கும் போகும். 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வீட்டுக்குள்ளும், சமையல் அடுப்பிலும், சமையல் பாத்திரத்திலும் ஈயம் உருக்காதீர்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.
• முகத்தில் துண்டு கட்டினால் ஈயப் புகை நிற்காது. அதற்கான வடிகட்டி முகக்கவசத்தை வேலை கொடுப்பவரிடம் கேளுங்கள்.
• வேலையிடத்தில் சாப்பாடு, பீடி, வெற்றிலை வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.
• குளித்து, உடை மாற்றிய பிறகு வீட்டுக்குப் போங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.
• தரையைக் கூட்டினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.
• பழைய பேட்டரியை உடைக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள்

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு தெரியாது. "நான் ஈயம் உருக்குற வேலை பாக்குறேன்" என்று நீங்களே சொல்லி, ரத்த ஈய அளவுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். இஎஸ்ஐ அட்டை இருந்தால் இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போகலாம். ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம். ஈய நஞ்சு சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில்நோய். தொழிற்சாலையில் பாதுகாப்புக் குறை இருந்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.