எச்.ஐ.வி. உண்டென அறிந்த முதல் நாள்கள்

இரத்தப் பரிசோதனையின் முடிவு கேட்டு வெளியே வரும் ஒருவரின் காதில், அதன்பின் சொல்லப்படும் சொற்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை. எச்.ஐ.வி. கிருமி உண்டு என்ற ஒன்றே அவர் மனத்தில் நிற்கிறது. டிராம்பே, செம்பூர், தாராவி முதலிய இடங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளருக்கு இத்துன்பத்துடன் வேறு இடர்களும் சேர்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் தனித்து அழவும் இடமில்லை. சொந்த ஊரோ தொலைவில் உள்ளது. ஆயினும் வதந்தி அங்கே விரைவில் எட்டிவிடும். இந்நிலையில் அவர் முதலில் நாடுவது களப்பணியாளராகவோ குழந்தையின் ஆசிரியராகவோ இருக்கலாம். அவ்வேளையில் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு விளக்குவோம்.

அச்சம் எக்காலத்தது?

நம் நாட்டில் இக்கிருமித் தொற்றை 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி டாக்டர் நிர்மலாவும் முதன்முதலாக வெளிப்படுத்தினர். அதன்பின் பல்லாண்டுகள், தக்க மருந்து எளியோர் கைக்கு எட்டவில்லை. 2004 ஏப்ரல் முதல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு நிலையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படலாயிற்று. 2017 முதல், தொற்றுள்ள அனைவருக்கும் உடனே மருந்து தொடங்குவது அரசின் கொள்கையாயிற்று. சிகிச்சை மாறிவிட்டது, மக்கள் உள்ளத்தில் உள்ள அச்சமோ மருந்து கிட்டாத காலத்தது. இதனை எடுத்துரைப்பதே ஆறுதலின் முதற்படி.

மருந்தின் செயல்

இக்கிருமி இரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகி, நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கிறது. மூன்று மருந்துகள் அடங்கிய மாத்திரை, பெரும்பாலோருக்கு நாள்தோறும் ஒன்று, இப்பெருக்கத்தைத் தடுக்கிறது. கிருமி உடலை விட்டு முற்றும் நீங்குவதில்லையாதலால் மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை. தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோர் ஏறக்குறைய ஏனையோரைப் போன்றே நீண்ட நாள் வாழ இயலும்.

மனமும் மாத்திரையும்

திகைப்பு, நம்ப மறுத்தல், சினம், குற்ற உணர்வு ஆகியவை இயல்பானவை. பலருக்கு நாளடைவில் தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலும் உறக்கமும் பசியும் இன்றிச் சோர்ந்திருப்பாராயின் மனநல மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுமாயின் அவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவற விடுவார். தவற விட்டால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத தன்மை பெறக்கூடும். ஆகவே ஆறுதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஊழியர் செய்ய வேண்டுவன

1. அவர் சொல்வதைக் கேளுங்கள். தொற்று எவ்வாறு வந்தது என்று வினவாதீர்கள்.

2. செய்தியை எவரிடமும் கூறாதீர்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அவரது இசைவின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு செய்வதையும் விலக்குகிறது.

3. அரசின் ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்துக்கு வழிகாட்டுங்கள். தமிழ்நாட்டில் இது நம்பிக்கை மையம் எனப்படும். தாராவிக்கு அருகே சயான் லோகமான்ய திலகர் மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. சிகிச்சை மையம் உண்டு. இந்தியோ மராட்டியோ அறியாதவருக்கு, அவர் விரும்பினால், உடன் சென்று மொழித்துணையாக இருங்கள். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் விவரம் பெறலாம். மனத்துயருக்கு 14416 உண்டு.

4. நம்பத்தக்க ஒருவரிடம் மட்டும் முதலில் சொல்வது போதும். ஆயினும் வாழ்க்கைத் துணைக்குப் பரிசோதனை இன்றியமையாதது; அதை எவ்வாறு தெரிவிப்பது என்பதற்கு ஆலோசகர் துணை புரிவார்.

5. தொற்றுடன் வாழ்வோரின் சங்கங்களை அறிமுகப்படுத்துங்கள். தொற்றுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பு 1998-இல் சென்னையில் தோன்றியது. பல்லாண்டுகளாக மருந்துண்டு உழைத்து வாழும் ஒருவரை நேரில் கண்டால் பிறக்கும் தெளிவு, நம் அறிவுரையால் பிறப்பதினும் மிகுதி.

தொடுவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ இது தொற்றாது. செய்தி கூற வந்தவருக்கு ஒரு குவளைத் தேநீர் அளித்து அருகில் அமர்ந்து அருந்தினால், இவ்வுண்மையை அவர் சொல்லாமலே உணர்வார்.