தெளிப்பான் பேட்டரிக்கு ஏற்ற அடாப்டர்

பேட்டரித் தெளிப்பானின் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரிக்குத் தாமே சார்ஜர் அமைக்க விரும்பும் விவசாயிகள், முதலில் அடாப்டரைக் கவனிக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர் உதவாது. பேட்டரி நிரம்ப ஏறத்தாழ 14.4 வோல்ட் தேவை. பழைய மடிக்கணினியின் 19 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஏற்றது. அதை நேரடியாக இணைத்தால் பேட்டரி சூடேறி உப்பிவிடும். இடையே வோல்ட்டையும் கரண்டையும் கட்டுப்படுத்தும் பலகை வைத்து, பேட்டரியை இணைக்குமுன் 14.4 வோல்ட், 1 ஆம்பியருக்குச் சரிசெய்யவும். லித்தியம் பேட்டரிக்கு இவ்வளவு பொருந்தாது.

அடாப்டரில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பலாகாது. மல்டிமீட்டரில் வோல்ட்டையும் நேர்முனை எதுவென்பதையும் பாருங்கள். சுமையில்லாதபோது மட்டமான அடாப்டரும் 19 காட்டும். சுமை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். காரின் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அரைமணி நேரம் எரியவிட்டு அளக்கவும். பல்பு கடுமையாகச் சுடும். வைக்கோல், சாக்கு அருகில் வேண்டாம். 18 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ, கை வைக்க முடியாதபடி அடாப்டர் சுட்டாலோ, கருகல் நெடி வந்தாலோ அதை விலக்கிவிடவும்.

சார்ஜ் ஏறும்போது கரண்ட் கால் ஆம்பியருக்கும் கீழே குறைந்ததும் கழற்றிவிடவும். இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டாம்.