கடல்காற்று இருக்கிறதே, காற்றாலை ஏன் இல்லை?

ஆனி, ஆடி மாதங்களில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியை ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். காலையில் புகை கடல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மதியம் ஒன்று, இரண்டு மணி வாக்கில் கொஞ்சம் தடுமாறும். பிறகு மேற்கே திரும்பி, அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கம் வரத் தொடங்கும். சாம்பல் படிவதற்குள் கொடியில் காயும் துணியை உருவிக்கொண்டு ஓடுவதும் அப்போதுதான். கடல்காற்று இப்படி வாசலுக்கே வந்து போகும் ஊரில் ஒரு கேள்வி எழுவது நியாயம். கடலுக்குள் காற்றாலை நடப்போகிறோம் என்கிறது அரசு. அதை எதற்குக் கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் கொண்டுபோக வேண்டும்? எண்ணூர்க் கடலிலேயே நடலாமே? மின் நிலையம், உயரழுத்தக் கம்பிகள், இரண்டு துறைமுகங்கள் எல்லாம் இங்கேயே தயாராக இருக்கின்றனவே?

நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு அடியில், நம் எல்லோரிடமும் இருக்கிற ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: கடல் இருந்தால் காற்றும் இருக்கும், நம் முகத்தில் படுகிற காற்றே காற்றாலைக்கும் போதும் என்பது. அங்கிருந்தே தொடங்குவோம்.

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நம் மதியக் கடல்காற்று அவ்வளவுதான். பொழுது சாய்ந்து நிலம் ஆறியதும் அதுவும் ஓய்ந்துவிடும். கரையைவிட்டு உள்ளே போகப்போக அதன் பிடி தளரும். சில நாள் மேல்காற்று பலமாக இருந்தால் மாலை வரை வராமலே இருக்கும். மனிதர்களுக்கு அது வரப்பிரசாதம். இருபது, இருபத்தைந்து வருடம் இரவும் பகலும் சுழலவேண்டிய இயந்திரத்துக்கு அது போதாது.

எவ்வளவு போதாது என்பதுதான் ஆச்சரியம். ஓர் இடத்தில் காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்திலும், இன்னோர் இடத்தில் 10 மீட்டர் வேகத்திலும் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது இடத்தில் இரண்டு மடங்கு மின்சாரம் கிடைக்கும் என்றுதான் யாரும் சொல்வோம். உண்மையில் காற்றில் உள்ள சக்தி அங்கே எட்டு மடங்கு. வேகம் இரட்டித்தால் ஒரு வினாடியில் இறக்கையைக் கடக்கும் காற்றின் அளவு இரண்டு மடங்காகிறது. அதோடு ஒவ்வொரு கிலோ காற்றும் சுமந்து வரும் சக்தி நான்கு மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டு. காற்று கொஞ்சம் குறைந்த இடம் என்றால் மின்சாரம் நிறையக் குறைந்த இடம் என்று பொருள். முதலீடு செய்பவர்கள் வேகக் கணக்கில் ஒரு புள்ளி குறைந்தாலும் முகம் சுளிப்பது இதனால்தான்.

அப்படியானால் புயல் வந்தால் கொண்டாட்டமா என்றால், அதுவும் இல்லை. காற்று வினாடிக்கு 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடும்போது பெரும்பாலான காற்றாலைகள் இறக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது இங்கே காற்றாலை இருந்திருந்தால் அது உடையாமல் நிற்கத்தான் பாடுபட்டிருக்கும்.

தெற்கே கதை வேறு. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக மறிக்கிறது. மலை கன்னியாகுமரிக்கு அருகே முடிகிறது. அந்தப் பக்கம் இலங்கையின் மலைகள். நடுவே இருக்கிற மன்னார் வளைகுடா வழியாகக் காற்று நுழைந்து பாய்கிறது. இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் மட்டும் காற்று சட்டையைத் தூக்குமே, அதே வித்தைதான். தென்கடல் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்று வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை விடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற அதன் உறவுக்காரக் காற்றுதான் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலை இந்தியா முழுக்கத் தெரிந்த பெயராக்கியது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாலை நிறுவனமும் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழகக் கடலில் எட்டு மண்டலங்களை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அங்கே ஏறக்குறைய 35,000 மெகாவாட் நிறுவ இடம் இருக்கிறது என்பது அவர்கள் முதற்கட்ட மதிப்பீடு.

முப்பந்தலிலேயே இன்னும் நடலாமே என்று கேட்பீர்கள். இயந்திரத்தின் அளவுதான் அதற்குப் பதில். இங்கிலாந்துக்குக் கிழக்கே டாகர் பேங்க் என்ற கடல்மேட்டில் 2023 அக்டோபரில் மின்சாரம் தரத் தொடங்கிய காற்றாலைகளில் ஓர் இறக்கையின் நீளம் 107 மீட்டர். அதை ஏற்றிய லாரி நம் ஊர்த் திருப்பம் எதிலும் திரும்பாது. கடலில் அந்தத் தொல்லை இல்லை, காற்றை உரசி வேகம் குறைக்க மரமும் கட்டடமும் இல்லை. 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அமைந்தபோது அங்கிருந்த பதினொரு இயந்திரங்களும் சேர்ந்து 5 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. டாகர் பேங்கில் ஒன்றே 13 மெகாவாட்.

சரி, நடுவது எப்படி? நடுவதற்கு முன்பே வருடங்கள் ஓடிவிடும். முதலில் காற்றை அளக்க வேண்டும். அதற்கு லைடார் என்ற கருவி இருக்கிறது. அது லேசர் ஒளியை மேலே அனுப்பி, காற்றிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து இருநூறு மீட்டர் உயரம் வரை காற்றின் வேகத்தைச் சொல்லும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 2017இல் அதற்காகவே கடலுக்குள் ஒரு மேடை கட்டினார்கள். ஒரு மழைக்காலத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியாது. குறைந்தது ஒரு முழு ஆண்டாவது எழுதி வைத்த கணக்கு இல்லாமல் எந்த வங்கியும் பேச்சுக்கே வராது. கூடவே கடலடியைத் துளைத்து மண் எடுத்துப் பார்க்க வேண்டும். மணலா, களியா, பாறையா என்பதைப் பொறுத்து அஸ்திவாரமே மாறிவிடும்.

ஆழம் குறைவான மணல் பாங்கான இடத்தில் ஒற்றைத் தூண் போதும். தூண் என்று சொன்னாலும், குறுக்களவு எட்டு, பத்து மீட்டர் வரும் இரும்புக் குழாய். ஒன்று ஆயிரம் டன்னுக்கு மேல் இருக்கும். அதைச் சம்மட்டியால் அடித்துக் கடலடிக்குள் இறக்குகிறார்கள். அடிப்பது ஒரு விசேஷக் கப்பல். வேலை செய்யும் இடத்துக்கு வந்ததும் நாலைந்து நீண்ட கால்களைக் கடலடியில் ஊன்றி, தன்னைத்தானே தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். கீழே அலை அடித்துக்கொண்டிருக்க, மேலே பாரந்தூக்கி ஆடாமல் வேலை செய்யும். இப்படிப்பட்ட கப்பல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும்தான் இருக்கின்றன, வாடகையும் சும்மா இல்லை. ஆழம் அறுபது மீட்டரைத் தாண்டினால் தூண் கட்டுப்படியாகாது, மிதக்கும் மேடைதான்.

எல்லா இயந்திரங்களிலிருந்தும் கடலடிக் கேபிள்கள் நடுக்கடலில் உள்ள ஒரு துணை மின் நிலையத்தில் சேரும். அங்கே அழுத்தத்தை உயர்த்தி, பருமனான கேபிள் வழியே கரைக்கு அனுப்புவார்கள். கேபிள் போகும் பாதையும், தூண்களுக்கு நடுவே படகு போகலாமா, வலை விரிக்கலாமா என்பதும் மீனவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டிய விஷயங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்காவும் இருக்கிறது. கோப்புகளில் இந்தப் பேச்சுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். அது ஒரு பத்தியில் முடிகிற சமாச்சாரம் இல்லை என்பது என் எண்ணம்.

பணத்துக்கு வருவோம். கடலில் கிடைக்கும் மின்சாரம் நிலத்துக் காற்றாலை மின்சாரத்தைவிடக் கணிசமாக விலை கூடியது. அந்த இடைவெளியை நிரப்ப 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் 6,853 கோடி, குஜராத்திலும் தமிழகத்திலும் தலா 500 மெகாவாட் அமைக்க. 600 கோடி, இரண்டு துறைமுகங்களைத் தயார்செய்ய. அதற்குச் சில மாதம் முன்பு, பிப்ரவரியில், தமிழகக் கடலில் மானியம் இல்லாமல் 4,000 மெகாவாட்டுக்கான இடத்தைக் குத்தகைக்கு விட ஏல அழைப்பும் வந்தது. மின்சாரத்துக்கு ஆள் பிடிப்பது கட்டுகிறவர் பாடு என்று விட்டிருந்தார்கள். கடைசித் தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2025இல் அந்த அழைப்பே ரத்தானது. காற்று இருந்தும், வாங்க ஆள் உறுதியாகாத சரக்கில் யார் கோடிகளைப் போடுவார்கள்?

குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் சேர்த்து மானியம் ஒதுக்கிய அந்த 1,000 மெகாவாட்டைப் பற்றி இன்னொன்று. வருடம் முழுக்க ஒரு நொடி நிற்காமல் ஓடினால் 876 கோடி யூனிட் வரவேண்டும். அரசு எதிர்பார்ப்பது 372 கோடி. நூற்றுக்கு நாற்பத்திரண்டு. காற்றாலைக்கு அது நல்ல மதிப்பெண். காற்று இல்லாத நேரத்துக்கு வேறு ஏதாவது ஒன்று ஓடித்தான் ஆகவேண்டும் என்பதையும் அதே எண் சொல்கிறது. ஆகவே 2024இல் இங்கே திறந்த 800 மெகாவாட் நிலக்கரி அலகுக்கு, கச்சான் வீசும் மாதங்களில் ஓய்வு கிடைக்கலாம், விடுதலை கிடைக்காது.

எண்ணூர்க் கடலில் காற்றாலை வராவிட்டாலும் இந்தப் பக்கத்துக்கு வேலை வரலாம். காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் கூடத்தில் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் செய்து அனுப்புகிறார்கள். கடல் துணை மின் நிலையத்தின் மேடையும் அந்தச் சாதிதான். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே பெரும்பாலும் உருள்வது கட்டடக் கம்பி, தூணுக்குத் தேவை தடித்த தகடு. காட்டுப்பள்ளியில் செய்த மேடையை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுபோவதும் ஒரு பாடு. ராமர் பாலத்து மணல்திட்டுகளுக்கு மேலே அவ்வளவு பெரிய கப்பல் கடக்க ஆழம் கிடையாது. இலங்கையை முழுசாகச் சுற்றித்தான் போகவேண்டும்.