எழுநூறு ஓடுகளும் ஒரு கதவும்

அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கிப் போகிறவர்களின் பொழுது எங்கே கழியும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் வகையில் ஒன்று, 110 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம். சரக்கறைக் கதவுகளை விரித்து, 43.21 டிகிரி சாய்வில் (நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கு!) நிற்கிறது அட்லாண்டிஸ் விண்ணோடம், அங்கே கொஞ்ச நேரம். மிச்சம் வரிசையிலும் தின்பண்டக் கடையிலும் போய்விடும். ராக்கெட்டும் விண்ணோடமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அறிவியல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம், அங்கே உடைந்த பொருள்களை வைத்திருக்கும் இடம். பறந்துபோய்த் திரும்பிய கலம் தான் திரும்பியதை மட்டுமே சொல்லும். எந்த நூலிழையில் தப்பியது என்பதை அதன் பளபளப்பு மூடிவிடும்.

அட்லாண்டிஸையே எடுத்துக்கொள்வோம். 1985 முதல் 2011 வரை 33 முறை போய்வந்த கலம். அதன் அடிவயிறு முழுக்கக் கரிய ஓடுகள்; சிலிக்கா இழைகளால் செய்தவை, கையில் எடுத்தால் தெர்மோகோல் போல லேசானவை. அண்ணாந்து பார்த்தால் சில ஓடுகள் சாம்பல் பூத்து வெளிறியிருக்கும், பக்கத்திலேயே சில கன்னங்கரேலென்று இருக்கும். வெளிறியவை வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது எழும் சூட்டைப் பலமுறை தாங்கியவை; கறுத்தவை பின்னால் மாற்றிப் பொருத்தியவை. 1988 டிசம்பரில் இந்தக் கலம் கிளம்பியபோது, பக்கவாட்டு ராக்கெட்டின் மூக்கிலிருந்து பெயர்ந்த காப்புப் பொருள் மோதி 700-க்கும் மேற்பட்ட ஓடுகள் சேதமடைந்தன. ஒன்று அடியோடு போய்விட்டது. அது போன இடத்துக்கு உள்ளே ஆன்டெனாவைத் தாங்கும் கனத்த உலோகத் தகடு ஒன்று இருந்தது வெறும் அதிர்ஷ்டம். ராணுவ ரகசியப் பயணம் என்பதால் சேதத்தைக் காட்டும் படங்களைச் சங்கேதமாக்கித்தான் அனுப்ப முடிந்தது. தரையில் அவை மங்கலாகத் தெரிய, பெரிய சேதமில்லை என்று முடிவுகட்டினார்கள். கலமும் பத்திரமாக இறங்கிவிட்டது. வினையே அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பத்திரமாக இறங்க இறங்க, ஓட்டில் அடிபடுவது வழக்கமான பராமரிப்பு வேலை என்ற எண்ணம் ஊறிப்போனது.

2003 ஜனவரி 16-ல் கொலம்பியா என்ற இன்னொரு விண்ணோடம் கிளம்பி 82 நொடிகள் ஆகியிருந்தபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ நுரைப் பொருள் பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. பிப்ரவரி 1-ல் திரும்பி வரும் வழியில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். நுரைதானே, அது என்ன செய்துவிடும் என்ற சந்தேகம் விபத்துக்குப் பிறகும் தீரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் டெக்ஸாஸ் ஆய்வுக்கூடமொன்றில், வாயுத் துப்பாக்கியால் அதே அளவு நுரையை அதே வேகத்தில் இறக்கை முன்விளிம்பின் மேல் சுட்டுப் பார்த்தார்கள். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

இதையெல்லாம் குழந்தைகளோடு சுற்றுலா வந்தவர்களிடம் ஏன் சொல்ல வேண்டும், சாவைக் காட்சிப்பொருளாக்கலாமா என்று கேட்கலாம். அட்லாண்டிஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 2015 முதல் வைத்திருப்பவை சேலஞ்சர் விண்ணோடத்தின் கொடி வரைந்த உடல் தகடும் கொலம்பியாவின் ஜன்னல் சட்டங்களும். இறந்தவர்களின் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வைத்தவை. கோரம் எதுவும் இல்லை. எனக்கு உறைப்பது வேறொரு ஆட்சேபம்: இப்படிப்பட்ட இடங்கள் அஞ்சலியோடு நின்றுவிடும், காரணத்துக்குள் போகாது. இதில் நியாயம் உண்டு. கொடி வரைந்த தகடு கண்ணைக் கலங்க வைக்கும். 1986-ல் சேலஞ்சர் ஏன் 73 நொடிகளில் வெடித்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம். ஏவிய காலையில் குளிர் 2 டிகிரி செல்சியஸ். விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் அந்த ரப்பரை இடுக்கியில் நெரித்து ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, அது சட்டென்று பழைய வடிவுக்குத் திரும்பாததைக் காட்டினார்.

காரணத்தைக் காட்டும் பொருள் அங்கே ஒன்று இருக்கவே இருக்கிறது. சாட்டர்ன் கூடத்தில், 2017 முதல், அப்போலோ 1 விண்கலத்தின் கதவு. 1967 ஜனவரி 27-ல் ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையில் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தபோது, ராக்கெட்டில் எரிபொருளே இல்லை. அதனாலேயே அந்த ஒத்திகையை அபாயமற்றது என்று வகைப்படுத்தியிருந்தார்கள். ஆனால் உள்ளே நிரம்பியிருந்தது தூய ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடிய அழுத்தத்தில். கதவு மூன்று அடுக்கு; உள்கதவு உட்பக்கமாகத்தான் திறக்கும். தீ மூளும் முன்பே பல நூறு கிலோ விசை அதை அழுத்திப் பிடித்திருந்தது. மூண்ட பிறகு எந்த மனிதனாலும் அசைக்க முடியாது. அப்படி ஏன் செய்தார்கள்? கதவு தவறிப்போய்த் திறந்துவிடக் கூடாது என்ற கவலை. 1961-ல் கடலில் இறங்கிய லிபர்ட்டி பெல் 7-இன் கதவு தானே வெடித்துத் திறந்து, கலம் மூழ்கியது. அதிலிருந்து உயிர்தப்பியவர் கஸ் கிரிஸம். அப்போலோ 1-க்குள் சிக்கிய மூவரில் அவரும் ஒருவர். அதன் பிறகு செய்த கதவு ஒற்றை அடுக்கு, வெளிப்பக்கம் சில நொடிகளில் திறக்கும்.

உடைசல்களைப் பேணுவதிலும் நாசா காலப்போக்கில் மாறியது. சேலஞ்சரின் சிதைவுகளைக் கைவிட்ட ஏவுகணைக் குழிகளில் இறக்கிக் கான்கிரீட் மூடி போட்டார்கள். கொலம்பியாவின் 84,000-த்துக்கும் மேற்பட்ட துண்டுகளை, சுற்றுலாப் பயணிகள் தொலைவிலிருந்து பார்க்கும் அந்தப் பிரம்மாண்டமான ராக்கெட் கோர்ப்புக் கூடத்தின் ஒரு தளத்தில் எண் போட்டு அடுக்கினார்கள். அதிவேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழையும் உலோகம் எப்படி உருகுகிறது என்று ஆராய விரும்பியவர்கள் எழுதிக் கேட்டால், துண்டுகளை இரவலாகவும் கொடுத்தார்கள்.