குட்டி எஞ்சின் வாங்கப் போறீங்களா? முதலில் கண்ணைக் கேளுங்க, கையைக் கேளுங்க!

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலை ஏழு மணி வாக்கில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சின் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். எட்டு வயசுப் பேரனும் அறுபத்தெட்டு வயசுத் தாத்தாவும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ரயில் ஆசைக்கு வயசு ஏது!

இந்த ஆசையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். நிஜ எஞ்சினை அளவெடுத்து, அதே விகிதத்தில் சுருக்கிச் செய்வதுதான் மாடல் ரயில். பொம்மை ரயில் வேறு, இது வேறு. நம் நாட்டிலேயே புனே நகரில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் இதற்கு நல்ல உதாரணம்.

வெளிநாட்டு மாடல் ரயில் பத்திரிகைகள், புதிதாக வந்த குட்டி எஞ்சின்களில் எது பிடித்தது என்று வாசகர்களிடம் ஓட்டுக் கேட்பதுண்டு. ஜெயித்த எஞ்சினின் படத்தைப் பார்த்து, கோவையில் உட்கார்ந்துகொண்டு நாமும் ஆர்டர் கொடுத்துவிடலாம். ஆனால் ஊருக்குப் பிடித்த எஞ்சின் உங்களுக்கு ஒத்துவருமா? ஒத்துவராவிட்டால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஆறே மாதத்தில் பரணுக்குப் போய்விடும். கூடவே, "இந்த வயசுக்கு மேல நமக்கெதுக்குங்க" என்ற சலிப்பும் வந்துவிடும். நஷ்டம் பணம் மட்டுமல்ல!

பொழுதுபோக்கும் மருந்துதான்

ஆரோக்கியப் பத்திரிகையில் ரயிலுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

பீளமேட்டில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்திய ஒருவரை நினைத்துப் பாருங்கள். பட்டறையை மகனிடம் ஒப்படைத்தாகிவிட்டது. காலையில் எழுந்தால் செய்ய ஒன்றுமில்லை. ஓயாமல் இயங்கிய கை சும்மா கிடந்தால் மனசு சோர்ந்துபோகும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சாப்பாட்டில் குறை சொல்லத் தோன்றும்.

65 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 93 ஆயிரம் பேரை, 16 நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், வாழ்க்கையில் திருப்தி கூடுதலாகவும் இருந்தன. பொழுதுபோக்குதான் இதற்கு முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கைக்கும் மூளைக்கும் சேர்ந்து வேலை கொடுக்கிற பழக்கம் நல்லதே செய்யும் என்று நம்ப இடமிருக்கிறது.

எத்தனை சிறுசு?

மூன்று அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 'எச்.ஓ.' என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். 'என்' அளவு 160-இல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மில்லிமீட்டர். 'இஸட்' அளவு 220-இல் ஒரு பங்கு, தண்டவாளம் வெறும் 6.5 மில்லிமீட்டர். இதை ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1972-இல் கொண்டுவந்தது.

நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போமா? கோவை ஜங்ஷனில் நீங்கள் பார்க்கிற டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சினின் நீளம் இருபதரை மீட்டர். எச்.ஓ. அளவில் அது இருபத்து மூன்றரை சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட ஸ்கேலை விடக் கொஞ்சம் குட்டை. 'என்' அளவில் பதின்மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. 'இஸட்' அளவில் ஒன்பது சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும்!

சிறிசாக இருந்தால் இடம் மிச்சம். எச்.ஓ. ரயில் ஒரு வட்டம் திரும்பவே ஒரு மீட்டர் அகல மேஜை வேண்டும். 'என்' ரயிலுக்கு அதில் பாதி போதும். அபார்ட்மென்ட் வீட்டுக்கு 'என்' சௌகரியம்தான். ஆனால் மேஜையை மட்டும் அளந்தால் போதாது.

கண் என்ன சொல்கிறது?

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். படிக்கிற கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்காகக் கொடுக்கப்படுவது. 'என்' எஞ்சினின் சக்கரத்தைப் பார்க்க அதைவிடக் கிட்டே கொண்டுபோவீர்கள். உடனே மங்கும். கண்ணைச் சுருக்குவீர்கள், கழுத்தை வளைப்பீர்கள். அரை மணியில் தலைவலி!

எனவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். கண்ணாடி போட்டும் சிரமமாக இருந்தால் எச்.ஓ. அளவே உங்களுக்கு நல்லது. 'என்'தான் வேண்டும் என்றால் விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். கிட்டத்தில் உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் காய்ந்துபோகும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது விநாடி பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பார்வை மாறும். வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிப்பது அவசியம்.

கை என்ன சொல்கிறது?

சக்கரங்களைத் தண்டவாளத்தில் சரியாக உட்கார வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் தினசரி வேலை. லேசான நடுக்கம் இருந்தால் சிறிய எஞ்சின் பாடாய்ப் படுத்தும். கனமான எச்.ஓ. எஞ்சின் கைக்கு அடங்கும். சாய்தளம் போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடைக்கிறது. அதில் வைத்து உருட்டினால் சக்கரம் தானே தண்டவாளத்தில் ஏறிக்கொள்ளும்.

நடுக்கம் புதிதாக வந்ததா? அதிகக் காபி, தைராய்டு கோளாறு, சில ஆஸ்துமா மருந்துகள் என்று காரணம் பல. கை ஓய்வாக இருக்கும்போதே ஆடினால் நரம்பு டாக்டரைப் பார்ப்பது நல்லது. வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

எஞ்சினைப் பார்த்து வாங்குவது எப்படி?

முதலில் மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓடுவது பெரிசில்லை. நத்தை மாதிரி ஊர்ந்தும் நிற்காமல் போனால் மோட்டார் நல்லது.

எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா என்று கேளுங்கள். நம் ஊரில் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். எடை குறைந்த 'என்' எஞ்சின் தூசி பட்ட இடத்தில் அப்படியே நின்றுவிடும். எத்தனை குறுகிய வளைவில் திரும்பும், உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள்.

ஊட்டி ரயில்தான் வேண்டும் என்கிறீர்களா? அதன் 'எக்ஸ்' வகை எஞ்சின் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தயாரிப்பு. நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும். நம்ம திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் 2021-இல் நிலக்கரி எஞ்சின் ஒன்று புதிதாகச் செய்தார்கள். அது மீட்டர் கேஜ் என்பதால், எச்.ஓ. விகிதத்தில் செய்தால் தண்டவாளம் 12 மில்லிமீட்டர்தான். 'என்' விகிதத்தில் செய்தால் 'இஸட்' தண்டவாளத்தில் ஓட வேண்டும். ஆசைக்கு அழகு, ஆனால் முதல் எஞ்சினாக வேண்டாம். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

* தண்டவாளத்தில் ஓடுவது பெரும்பாலும் 12 வோல்ட்தான், பயமில்லை. ஆனால் 230 வோல்ட் பிளக்கில் செருகும் அடாப்டர் தரமானதாக இருக்கட்டும். சொந்தமாக ஒட்டுப்போட வேண்டாம்.
* மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் உதிரி பாகம் கிடைக்கக் கூடாது. பட்டன் பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.
* சால்டரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். ஈயம் கலந்த கம்பியைத் தொட்ட கையோடு முறுக்கு எடுத்துக் கடிக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக...

அறுபதைத் தாண்டியவருக்கும், பேரனோடு சேர்ந்து ஓட்ட நினைப்பவருக்கும் எச்.ஓ.தான் என் ஓட்டு. கண்ணும் கையும் திடமாக இருந்து, இடம் மட்டும் குறைவு என்றால் 'என்' வாங்குங்கள்.

எஞ்சின் வந்திறங்கியதும் வீட்டுக்கார அம்மா, "ஏனுங்க, இது பேரனுக்கா, உங்களுக்கா?" என்று கேட்கத்தான் செய்வார். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன், "அப்பாரு, வளைவுல வண்டி சாயுது பாருங்க!" என்று கத்துவான். நீங்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஓடுவீர்கள். அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிடும்!